நாலு போர்டு நாற்காலி

ஜூன் 24, திங்கள்

எழவு வீட்டில் சொல்லக் கூடாததைச் சொல்லித் தொலைத்தேன். துரைவேலு ஐயாவுக்கு மாலை போட்டாயிற்று, அவர் சம்சாரத்தின் கையைப் பிடித்து ரெண்டு வார்த்தை பேசியாயிற்று. கிளம்பும்போது என் வாய் தன்பாட்டுக்கு, "போயிட்டு வர்றனுங்க" என்றது. பந்தலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை, சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.

ஹேமா என் இடுப்பில் கிள்ளி இழுத்துக்கொண்டு வந்தாள். காரில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

"வர்றேன்னியே, எங்க புள்ள வரப்போற? அவரு போன எடத்துக்கா?"

"வாய் தவறிருச்சுடி."

"உனக்கு எப்பவும் இதே ரோதனை. சொல்ல வேண்டிய எடத்துல போறேம்ப, சொல்லக் கூடாத எடத்துல வர்றேம்ப."

ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து இவளுக்கு இதில் ஒரே பிடிவாதம். நான் "செரி, போறேன்" என்று போனை வைத்தால் மறுபடி கூப்பிட்டு, "வர்றேன்னு சொல்லு" என்பாள். அவள் அப்பா ஒருநாள் அவசரத்தில் "போறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தவர், திரும்பவில்லை. அதனால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. சொல்லிவிட்டுப் போனை வைப்பேன்.

ஐயாவை ஊரில் எல்லாரும் 'நாலு போர்டு ஐயா' என்பார்கள். நாலு கம்பெனி போர்டில் டைரக்டர். என் இரும்பு பவுண்டரி, ஹேமாவின் நூல் மில், நஞ்சப்பனின் பம்ப் கம்பெனி, அப்புறம் எங்கள் எல்லாருக்கும் காற்றாலைக் கரண்ட் கொடுக்கிற 'காத்து கம்பெனி'. நான் வார்க்கிற இரும்பு நஞ்சப்பனுக்குப் போகிறது, ஹேமாவின் மில்லும் என் உலையும் காத்து கம்பெனிக் கரண்டில் ஓடுகின்றன. யாருக்கு எப்போது என்ன முட்டினாலும் ஐயா ஒரு போர்டிலிருந்து எழுந்து இன்னொரு போர்டுக்குப் போவார், அது சரியாகிவிடும். என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் பவுண்டரி மூடாமல் நின்றது அப்படித்தான். இனி என்ன ஆகுமோ, தெரியவில்லை.

குளித்துவிட்டு இதை எழுதுகிறேன். நஞ்சப்பன் வருஷா வருஷம் கொடுக்கும் இனாம் டைரி. பக்கத்துக்கு ஒரு பம்ப் படம்.

ஜூலை 5, வெள்ளி

காத்து கம்பெனி சேர்மன் சிவானந்தம் வீட்டுக்கே வந்துவிட்டார். எழுபது வயசு, வெள்ளை வேட்டி, பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"ஐயா நாற்காலி காலியா இருக்குதுங்க அம்மிணி. நீங்கதான் வரோணும்."

"நானா? எனக்கு என் கம்பெனியே மூச்சு முட்டுதுங்க."

"எழவு வீட்டுல எல்லாரும் கேட்டமுங்க, வர்றேன்னீங்களே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலையில் நஞ்சப்பன் போன் செய்தார், பம்ப் கம்பெனி போர்டுக்கும் நானே வர வேண்டுமாம். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஹேமா. "என்ற மில் போர்டுக்கும் நீ வந்துரு தமா. ஐயா இருந்த எடத்துல நீ இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்." என்னைத் தமா என்று கூப்பிடுகிற ஒரே ஆள், அவளுக்கு எப்படி முடியாது என்பது? மூன்றுக்கும் சரி என்றேன். என்னுடையதோடு சேர்த்து நாலு.

ஜூலை 19, வெள்ளி

ஆடிக் காற்று. காயப்போட்ட துணி பக்கத்து வீட்டு மாமரத்தில். காத்து கம்பெனிக்காரர்கள் முகத்தில் மட்டும் தீபாவளி.

முதல் மீட்டிங். பிரம்பு பின்னிய உயரமான முதுகு வைத்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். ஐயாவுக்கு முதுகு வலி உண்டு. அதனால் நாலு கம்பெனியிலும் ஒரே ஆசாரியை வைத்து ஒரே மாதிரி நாற்காலி செய்து போட்டிருந்தார்கள். என் ஆபீசிலும் ஒன்று இருக்கிறது, அதில் நான் உட்கார்ந்ததே இல்லை. இதில் உட்கார்ந்தேன். அவர் ஆறடி, நான் ஐந்தடிதான். ஆனாலும் கால் தரையில் படிந்தது. ஏதோ குறைத்திருப்பார்கள்.

போர்டில் நான், சிவானந்தம், நஞ்சப்பன், மின்சார இலாகாவில் ரிடையரான ஒரு இன்ஜினியர். மேசை நடுவில் ஒரு பொம்மைக் காற்றாலை, மூன்று சின்ன இறக்கை. ஏ.சி. காற்றில் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

காற்று குறையும் மாசங்களில் யாருக்கு எவ்வளவு கரண்ட் என்பதை இந்த போர்டுதான் முடிவு செய்யும். அவரவர் சம்பந்தப்பட்ட கம்பெனி விஷயம் வரும்போது அவரவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அது சட்டம்.

"உங்க பவுண்டரி விசயம் வருதுங்க அம்மிணி" என்றார் சிவானந்தம்.

எழுந்தேன். ஹேமா பழக்கிய பழக்கம், "போயிட்டு வர்றேன்" என்றேன். மூன்று பேரும் ஒரே குரலில், "போயிட்டு வாங்க" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் 'வணக்கம் டீச்சர்' சொல்கிற மாதிரி இருந்தது.

வெளியே ஒரு மரப் பெஞ்சு. அதில் கிராம்பு வாசம். ஐயா எந்நேரமும் கிராம்பு மெல்லுவார். டீ கொண்டுவந்த மாரக்கா சொன்னாள்: "பினாயில் ஊத்தித் தொடச்சுப் பாத்துட்டனுங்க. வாசம் போகமாட்டேங்குது."

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "வாங்கம்மா." பவுண்டரிக்குப் போன வருஷ அளவே இந்த வருஷமும்.

ஜூலை 22, திங்கள்

முதுகு வலி. எனக்கு இதுவரை வந்ததே இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஹேமா மில்லில் மீட்டிங். மீட்டிங் என்ன மீட்டிங், முக்கால்வாசி சாப்பாடுதான். எனக்குப் பிடிக்கும் என்று அரிசிம்பருப்பு சாதம் வைத்திருந்தாள். அவள் எதிரே நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. ஐயாவும் இப்படித்தான் ஒரு பக்கமா சாஞ்சு உக்காருவாரு."

முதுகு வலிக்குச் சாய்ந்து உட்கார்ந்தேன், வேறொன்றும் இல்லை.

மில் கஷ்டத்தில் இருக்கிறது. நூல் விலை படுத்துவிட்டது. அடுத்த மாசத்திலிருந்து ஒரு ஷிஃப்டை நிறுத்தப் போகிறாள். "வெளிய தெரிஞ்சா பஞ்சு வியாபாரி கடனுக்குத் தரமாட்டான் தமா. உனக்கு மட்டுந்தான் சொல்றேன்" என்றாள். காத்து கம்பெனிக் கரண்ட் இருக்கிற வரைக்கும் இழுத்துப் பிடித்துவிடலாமாம். அது நின்றால் கவர்ன்மெண்ட் கரண்டுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது, மறுநாளே பூட்டுத்தானாம். முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள். பாவம், அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பம்ப் கம்பெனி மீட்டிங். அங்கேயும் அதே நாற்காலி.

முடிந்து எழும்போது நஞ்சப்பன் சொன்னார், "ஹேமா மில்லுல ஒரு ஷிஃப்டை நிறுத்தறாங்களாமே மேடம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"நீங்கதானுங்களே. இப்ப, டீ குடிக்கறப்ப."

நான் சொல்லவில்லை. பஞ்சு விலையைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது, எல்லாருக்கும் கஷ்டம்தான் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 28, புதன்

ஹேமா போனில் அழுதாள். பஞ்சு வியாபாரி கையில் பணம் வைத்தால்தான் லாரி கிளம்பும் என்கிறானாம். "எவனோ போயிச் சொல்லியிருக்கான் தமா. அவன் நாசமாப் போக."

சமாதானம் சொன்னேன். பஞ்சு வியாபாரி நஞ்சப்பனின் மச்சினன் என்பது அவளுக்கும் தெரியும்தானே. நஞ்சப்பனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போனை வைக்கும்போது, "வர்றேன்" என்றேன். "ம், வா" என்றாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

ஒரு கையெழுத்துக்காகக் காத்து கம்பெனிக்குப் போனேன். சிவானந்தம் வர நேரமாகும் என்றார்கள், பெஞ்சில் உட்கார்ந்தேன். மாரக்கா டீயோடு வந்து கதவோரம் நின்றுகொண்டாள். இருபது வருஷமாக அந்தக் கதவோரம் நிற்கிறவள்.

"நீங்களும் ஐயா மாரியே சொல்லீட்டுத்தான் வெளிய வர்றீங்கம்மா. கேக்க நல்லா இருக்குது. ஐயா எந்தக் கம்பெனிக்காக எந்திரிச்சாலும் போயிட்டு வர்றேம்பாரு. உள்ள இருக்கறவங்க போயிட்டு வாங்கம்பாங்க. ஒரே ஒருவாட்டிதான் மாத்திச் சொன்னாருங்க."

"என்ன சொன்னாரு?"

"போறேன்னாரு."

அப்போது துண்டு நெய்கிற கம்பெனி ஒன்று இருந்ததாம், ஐயாவுக்கு ஐந்தாவது போர்டு. அதன் கரண்ட் விஷயம் வந்தபோது எழுந்து, "போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாராம். உள்ளே யாரும் பதில் பேசவில்லையாம். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம்.

"வாயில வந்துருச்சாக்கும்னு நெனச்சனுங்க. அப்பறம் பாத்தா, இதே பெஞ்சுல உக்காந்து கிராம்பை மென்னுட்டு என்னையப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு. ரெண்டு நாளைக்கு எனக்குச் சோறு எறங்கல."

ஒரு சொல்லாவது, கம்பெனி மூடுவதாவது. வியாபாரம் படுத்திருக்கும், மூடியிருப்பார்கள். நான் பி.எஸ்ஸி. படித்தவள்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

நஞ்சப்பன் பெரிய ஆர்டர் தருகிறார். வடக்கே ஏதோ மாநிலத்துக்குப் பம்ப் மோட்டார் பாடி வார்க்க வேண்டும், நாங்கள் இதுவரை பார்த்திராத அளவு. ஒரே நிபந்தனை, உலை ரெண்டு ஷிஃப்டும் அணையாமல் ஓட வேண்டும். பழைய கடன் எல்லாம் இதில் தீர்ந்துவிடும். விட்டுவிட்டால் தீபாவளிக்கு போனஸ் கிடையாது. பொங்கல் தாண்டி பவுண்டரியே இருக்குமா என்பது எனக்கும் என் மேனேஜர் ஆரோக்கியத்துக்கும் மட்டும் தெரியும்.

"அதுக்குக் கரண்டு வேணுமே" என்றேன்.

"காத்து கொறையுது, எல்லாருக்கும் பத்தாது. யாராவது ஒருத்தருக்கு நிறுத்தித்தான் ஆகோணும்" என்றார் நஞ்சப்பன். "அது போர்டு பாத்துக்கும், நீங்க ஏனுங்கம்மா கவலப்படறீங்க." மேடம் என்பது எப்போது அம்மா ஆயிற்று? கவனிக்கவில்லை.

பல் வலி. வரும் வழியில் கிராம்பு வாங்கினேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். பிறகு யாரும் ஒன்றுக்கு ரெண்டாகப் பேச வேண்டாம்.

காத்து கம்பெனி மீட்டிங். முதலில் வந்தது ஹேமா மில் விஷயம். அந்த போர்டிலும் நான் இருப்பதால் சட்டப்படி நான் வெளியே போக வேண்டும். அந்த நேரம் பார்த்து என் பைக்குள் போன் அடித்தது. ஆரோக்கியம்தான், உலையில் ஏதோ கசிவு என்று காலையிலேயே சொல்லியிருந்தான். மனசு பூராவும் உலையில் இருந்தது. அவசரத்தில் எழுந்தேன்.

"நான் போறேன்" என்றேன்.

அவசரத்தில் வருகிற பேச்சுத்தானே. யார்தான் சொல்வதில்லை?

யாரும் பதில் சொல்லவில்லை. நஞ்சப்பன் தன் பேனாவைப் பார்த்தார். இன்ஜினியர் தண்ணீர் குடித்தார். சிவானந்தம் மட்டும் தலையை லேசாக அசைத்தார், அது எனக்கா என்றுகூடத் தெரியவில்லை. மேசையில் அந்தப் பொம்மைக் காற்றாலை நின்றுவிட்டிருந்தது. ஏ.சி.யைக் குறைத்திருப்பார்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். வாயில் கிராம்பு இருந்தது, பல் வலிக்காக. மாரக்கா டீ கொண்டுவந்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்திருப்பேன் போலிருக்கிறது, டீ கொடுத்தால் சிரிப்பதுதானே வழக்கம். அவள் டம்ளரை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

"வாங்கம்மா" என்று கூப்பிட்டார்கள். அடுத்து என் பவுண்டரி. மறுபடி எழுந்து, "போயிட்டு வர்றேன்" என்றேன். "போயிட்டு வாங்க" என்றார்கள்.

நவம்பரிலிருந்து ஹேமா மில்லுக்குக் கரண்ட் இல்லை. பவுண்டரிக்கு ரெண்டு ஷிஃப்டுக்கும் உண்டு. ரெண்டு முடிவின் போதும் நான் அறையில் இல்லை. ஓட்டுப் போடவில்லை, ஒரு வார்த்தை எடுத்துப் பேசவில்லை. என் மேல் ஒரு தப்பும் இல்லை.

செப்டம்பர் 28, சனி

முதுகு வலி இல்லை. எட்டு மணி வரை தூங்கினேன்.

அக்டோபர் 3, வியாழன்

ஆரோக்கியத்தைப் பிடித்து ஒரு சத்தம் போட்டேன், மீட்டிங் நடக்கும்போது போன் செய்யாதே என்று. அவன் விழிக்கிறான்.

"அன்னிக்கு நான் கூப்பிடவே இல்லீங்கம்மா. கசிவு காலையிலயே அடைச்சாச்சு. நீங்க மீட்டிங்ல இருப்பீங்கன்னு தெரியாதுங்களா?"

அவனுக்கு ஞாபகம் பத்தாது. என் போனில் பார்க்கலாமே என்றான். நான் பார்க்கவில்லை. வேலையற்ற வேலை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. உலைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, எல்லாருக்கும் பொரி கொடுத்தோம். ஆளுக்கு ஒரு வேட்டி சேலை. இந்த வருஷம் எல்லார் முகத்திலும் சிரிப்பு. நூற்றெண்பது குடும்பம். இதை யாரும் மறக்கக் கூடாது.

ஹேமா வந்தாள். அவள் மில்லில் பூஜை போட மனசு வரவில்லையாம். பொரியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றாள்.

"உள்ள என்ன பேசினாங்க தமா?"

"நான் வெளிய இருந்தேன்டி. உன்ற விசயம் வந்தா நான் உள்ள இருக்கக் கூடாது. சட்டம்."

"எனக்கு அது தெரியும். போறதுக்கு முன்னால ஒண்ணும் சொல்லலியா நீயி? எனக்காக ஒரு வார்த்தை?"

"சொல்ல விடமாட்டாங்க."

அவள் தலையாட்டினாள். என்னை நம்பினாள். நம்பியது எனக்கு என்னவோ செய்தது. ஆபீசுக்குள் போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன், சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் அதில் உட்கார்ந்தால்தான் எனக்கு நிம்மதி.

கிளம்பும்போது, "வர்றேன் தமா" என்றாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஹேமா வீட்டிலிருந்து தேன்குழல் டப்பா வரவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவை. நாளையிலிருந்து உலை ரெண்டு ஷிஃப்ட்.

நவம்பர் 18, திங்கள்

பழைய இரும்பு நாலு லாரி வந்து இறங்கியது. யாரிடம் வாங்கினது என்று கேட்டேன். ஆரோக்கியம் தரையைப் பார்த்தான்.

"ஹேமாம்மா மில் மிசினுங்கம்மா. இரும்பு வியாபாரி ஒடைச்சுக் கொண்டாந்திருக்கான். நல்ல வார்ப்பிரும்பு."

வேண்டாம், திருப்பி அனுப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போடு" என்றேன். ஆர்டர் நிற்கக் கூடாது.

உலையில் விழும்போது அந்த இரும்பின் இடுக்குகளில் ஒட்டியிருந்த பஞ்சு பறந்து மேலே வந்தது. காற்றே இல்லாத ஷெட். அந்தப் பஞ்சு கீழே இறங்காமல் சாயங்காலம் வரைக்கும் ஆள் உயரத்தில் நின்றது. ஆட்கள் குனிந்து குனிந்து அதைத் தொடாமல் நடந்தார்கள். யாரும் குனியச் சொல்லவில்லை. நானும் குனிந்துதான் நடந்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

கடைசி லாரியில் இரும்பு இல்லாத ஒரு சாமான் வந்திருக்கிறது. பிரம்பு நாற்காலி. "ஹேமாம்மா உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்களாம்" என்றான் டிரைவர். எழுதின துண்டுச் சீட்டு ஏதும் இல்லை.

ஆபீசில் இப்போது ரெண்டு நாற்காலி, எதிரும் புதிருமாக. ஒன்றைக் குடோனில் போடச் சொன்னேன். எதை என்று ஆரோக்கியம் கேட்டான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. ரெண்டிலும் கிராம்பு வாசம்.

நவம்பர் 29, வெள்ளி

ரெண்டு செய்தி, ரெண்டும் சிவானந்தம் வாயால்.

ஒன்று, ஹேமாவின் மில் இடத்தை நஞ்சப்பன் வாங்கிவிட்டார். அங்கே சொந்தமாக ஒரு பவுண்டரி கட்டுகிறார். சொந்த பவுண்டரி இருந்தால் அப்புறம் என்னிடம் எதற்கு வாங்குவார்? அதற்குக் கரண்ட் கேட்டிருக்கிறார். இப்போது வீசுகிற காற்றுக்கு அவருக்கும் எனக்கும் சேர்த்துப் பத்தாது. யாராவது ஒருத்தருக்குத்தான். அடுத்த மீட்டிங்கில் வைக்கிறார்கள். அவர் சொல்லச் சொல்லவே காலண்டரில் மீட்டிங் தேதியைத் தேடினேன். பயம்தான், வேறென்ன. இருபத்தைந்து வருஷ பவுண்டரி.

இரண்டாவது, காத்து கம்பெனிக்குப் புது டைரக்டர்.

"நம்ம ஹேமலதாதானுங்க அம்மிணி. இப்ப அவங்க கையில எந்தக் கம்பெனியும் இல்ல, எந்தப் பக்கமும் சாயமாட்டாங்க. எந்த விசயம் வந்தாலும் எந்திரிச்சு வெளிய போக வேண்டியதே இல்ல. அப்புடி ஒரு ஆளு நமக்கு வேணுமுங்க."

நல்லதுதான் என்றேன். பழைய சிநேகிதி.

டிசம்பர் 6, வெள்ளி

ஹேமா காத்து கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தாளாம். நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்து மாரக்காவோடு பேசிக்கொண்டிருந்தாளாம். சிவானந்தம் போனில் சும்மா பேச்சுக்குச் சொன்னார். "ரெண்டு பேரும் அப்புடி என்னதான் பேசுனாங்களோ, மாரக்கா கண்ணத் தொடச்சுட்டே நிக்கறா."

மாரக்காவுக்கு என்ன தெரியும்? டீ கொடுக்கிறவள்.

டிசம்பர் 12, வியாழன்

காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். போயிட்டு வர்றேன். போயிட்டு வர்றேன். நாளைக்குத் தப்பாக வந்துவிடக் கூடாது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

டிசம்பர் 13, வெள்ளி

இதைக் காத்து கம்பெனிப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று. உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாரக்கா இன்னும் டீ கொண்டுவரவில்லை. வெளியே வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை.

காலையில் நான் வந்தபோது பிரம்பு நாற்காலியில் ஹேமா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உன்ற எடமா தமா? தெரியாம உக்காந்துட்டேன்."

"பரவால்ல, நீ உக்காரு."

"முதுகு வலிக்குது புள்ள. ரெண்டு மாசமா." உட்கார்ந்துகொண்டாள். என் கையைப் பிடித்து, "சாப்டியா?" என்று கேட்டாள். கை சூடாக, எப்போதும் போலத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. எதைச் சொல்வது? நான்தான் ஒன்றும் செய்யவில்லையே.

முதலில் நஞ்சப்பனின் புது பவுண்டரி. அது பம்ப் கம்பெனியோடு சேராத அவருடைய தனிக் கம்பெனி, அதனால் நான் எழ வேண்டியதில்லை. அவர் எழுந்து, "போயிட்டு வர்றனுங்க" என்றார். சிவானந்தமும் இன்ஜினியரும் வாயைத் திறக்கவில்லை, ஹேமாவைப் பார்த்தார்கள். "போயிட்டு வாங்கண்ணா" என்றாள் ஹேமா. அப்புறம்தான் அவர்களும், "போயிட்டு வாங்க" என்றார்கள். நஞ்சப்பனுக்குக் கரண்ட் கொடுப்பது ஆகாது என்று நான் நாலு காரணம் சொன்னேன். ஹேமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டாள். நஞ்சப்பன் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, உங்க விசயமுங்க" என்றார் சிவானந்தம்.

எழுந்தேன். அவசரமே படவில்லை. நாற்காலியை உள்ளே தள்ளினேன், புடவையைச் சரிசெய்தேன், ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாக, அவள் எனக்குச் சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன்.

"போயிட்டு வர்றேன்."

மூன்று பேரும் ஹேமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொம்மைக் காற்றாலை மெதுவாகி, மெதுவாகி, நின்றது. ஹேமா வாயில் இருந்த எதையோ கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். கிராம்பு வாசம் என் வரைக்கும் வந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று சிரிப்பாளே, அதே சிரிப்பு.

"செரி தமா," என்றாள். "போ."